கனடாவில் பிறந்த தீட்டு

பெற்ற மகனோடு மூன்று வருஷமாகப் பேசாமல் வீம்பு பிடித்த ராமநாதன் முதலாளி, "சரி, நீ போயிட்டு வா" என்று பெண்டாட்டியைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தாரே, அன்றைக்கே சிவரூபினி ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது.

மூத்த மகன் தயாபரன் செய்த குற்றம் இவ்வளவுதான். இலங்கையின் நாலந்தாவில் அப்பாவின் மிளகுக் கடையில் மூட்டை தூக்கிய பொன்னையாவின் மகள் சர்மிளாவுக்கு டொராண்டோவில் வைத்துத் தாலி கட்டிவிட்டான். இரண்டு பேரும் மாத்தளையில் ஒரே டியூஷன் வகுப்பில் படித்தவர்கள். ஊருக்கே தெரிந்த விஷயம், ஆனால் முதலாளி முன்னால் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. சாதி என்ற சொல்லை அவரும் வாயால் சொன்னதில்லை. "அவங்க வேற, நம்ம வேற" என்பார். அதோடு சரி.

இப்போது அந்த 'அவங்க'ளுக்கும் 'நம்ம'ளுக்கும் சேர்த்து ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தயாபரனின் மூக்கு, சர்மிளாவின் நிறம், அழுகை மட்டும் அச்சு அசல் தாத்தாவுடையது. ஒரு தடவை ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லை.

சிவரூபினி ஒன்றும் சீர்திருத்தக்காரி இல்லை. போன புதிதில் சர்மிளா நீட்டிய தேத்தண்ணியை, "வயிறு சரியில்லம்மா" என்று சொல்லி மேசையில் ஆறவைத்தவள்தான். எத்தனை நாளைக்கு ஒருத்திக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும்? பிரசவ வலியில் அந்தப் பெண் "அத்தை, கையை விட்டுடாதீங்க" என்று கத்தியபோது விடாமல் பிடித்துக்கொண்டாளே, அதற்குப் பிறகு யார் கையால் எதை வாங்கிக் குடித்தால் என்ன?

பயணத்துக்கு முதல் நாள் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிவரூபினி குழந்தையைக் குளிப்பாட்டித் துவாயில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டாள். சுவரில் சாமி படங்களுக்கு முன்னால் விளக்கு எரியவில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் அதைத் தொடவில்லை. முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை தகப்பன் வழிச் சொந்தம் முழுக்கத் தீட்டு. கோயில் படி மிதிக்கக் கூடாது, பூசை புனஸ்காரம் கூடாது. நாலந்தாவில் பிறந்தால் என்ன, டொராண்டோவில் பிறந்தால் என்ன, சட்டம் ஒன்றுதான்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் சர்மிளா, சூட்கேசை மூடிக்கொண்டே.

"கேளு."

"பாப்பாவுக்குப் பேரை மாமாதான் வைக்கணும். இங்க வந்துதான்னு இல்ல. முப்பத்தொண்ணு அன்னைக்கு போன்ல ஒரு பேரைச் சொன்னாப் போதும்."

தயாபரன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. "அவரா? நீ ஆசைப்படாத சர்மி."

"வைப்பாருடா," என்றாள் சிவரூபினி. "என்னையவே அனுப்பி வச்ச மனுஷன், பேரு வைக்க மாட்டாரா? நான் வாங்கித் தர்றேன்."

வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

அன்று இரவே ராமநாதனுக்குப் போன் போட்டாள். பிள்ளை பிறந்த அன்று அவர், "நல்லது. படம் கிடம் ஒண்ணும் போடாத, கண்ணு படும். ஊருக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றிருந்தார். கண்ணு படும் என்று சொல்கிற அளவுக்குப் பேத்தி மேல் அக்கறை வந்துவிட்டதே என்று சிவரூபினி பூரித்துப் போயிருந்தாள்.

"ஏங்க, இந்த வருஷம் கோயில் உபயம் என்னாச்சு? யாருக்கு விட்டுக் குடுத்தீங்க?"

ஊர் அம்மன் கோயில் மாசித் திருவிழாவில், பூசையையும் அன்னதானத்தையும் தன் செலவில் நடத்தும் ஏழாம் நாள் உபயம் ராமநாதனின் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு. ஊரில் அவர் தலை நிமிர்ந்து நடப்பதே அந்த ஒரு நாளின் பலத்தில்தான்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ ஏழாந் திருவிழாவுக்கு முந்தி வந்து சேரு."

"பாப்பாவுக்குப் பேரு…"

"நேர்ல பேசுவோம்."

போனை வைத்துவிட்டார். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷன் சீக்கிரம் வா என்கிறாரே என்று சிவரூபினிக்கு லேசாக வெட்கம்கூட வந்தது. என்ன சொல்ல?

*

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேனோடு வந்தவன் இளைய மகன் சசிக்குமார். விமானம் தாமதமானதால் ஏழாந் திருவிழா அன்று காலையில்தான் அவள் வெளியே வந்தாள்.

சசி சூட்கேசை வாங்கினான், காலைத் தொட்டான், "மெலிஞ்சிட்டீங்கம்மா" என்றான். வேன் குருநாகல் தாண்டியது. குளிர் எப்படி, சாப்பாடு எப்படி, அண்ணன் என்ன கார் வைத்திருக்கிறான், எல்லாம் கேட்டான். ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

"ஏண்டா, பாப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல நீ?"

"கேக்கணும்னு இல்லம்மா… நல்லா இருக்குந்தானே?"

"இருக்கு. நீ சித்தப்பன் ஆயிட்ட. தெரியுமில்ல?"

சசி கியரை மாற்றினான். கலேவெல சந்தை நெரிசலில் வேன் ஊர்ந்தது. அவன் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அதனால்தான் பேசாமல் இருக்கிறான்.

"நாவுல பஸ் ஹோல்ட்டுல கொஞ்சம் நிறுத்து. சர்மிளாவோட அம்மா ராசம்மா நிப்பாங்க. பேத்தி படம் காட்டுறேன்னு சொல்லியிருக்கேன்."

"இன்னைக்கு வேணாம்மா."

"அஞ்சு நிமிஷம்டா."

"அப்பாவுக்கு யாராச்சும் சொல்லிடுவாங்கம்மா. இன்னைக்கு மட்டும் வேணாம்."

நாவுல வந்தது. பஸ் ஹோல்ட்டில் ராசம்மா நின்றுகொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டி, தலை வாரி, கையில் ஒரு பொலித்தீன் பையோடு. வேனை அடையாளம் கண்டுகொண்டு ரோட்டோரத்துக்கு வந்து கையை உயர்த்தினாள்.

சசி நிறுத்தவில்லை.

கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தபோது ராசம்மா இரண்டு எட்டு ஓடிவந்து, பிறகு நின்றுவிட்டது தெரிந்தது. பேத்தி முகத்தைப் படத்திலாவது பார்க்கலாம் என்று வெயிலில் காத்து நின்ற மனுஷி.

"என்னடா நடக்குது வீட்டுல?"

"நீங்களே வந்து பாருங்கம்மா," என்றான் சசி.

*

வீட்டு வாசலில் குலை தள்ளிய வாழை கட்டியிருந்தது. மாவிலைத் தோரணம். பின்பக்கம் பெரிய கிடாரங்களில் அன்னதானத்துக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது. ஹாலில் கதிரைகள் நிறைய ஆட்கள். "முதலாளியம்மா சரியான நேரத்துக்கு வந்துட்டாங்க" என்று யாரோ சந்தோஷமாகச் சொன்னார்கள்.

சிவரூபினி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உபயத்தை விட்டுக் கொடுக்கவில்லை. இந்த மனுஷன் தீட்டோடு உபயம் செய்யப் போகிறார்.

ராமநாதன் பட்டு வேட்டியில் இருந்தார். அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"பிரயாணம் எப்படி? குளிச்சிட்டு அந்தச் சிவப்புப் பட்டைக் கட்டிக்கிட்டு வா. அஞ்சு மணிக்குக் கோயில்ல இருக்கணும்."

"என்னங்க வேலை இது?"

"என்ன வேலை? நம்ம உபயம்."

"வீட்டுல பிள்ளை பொறந்திருக்குங்க. இன்னும் நாலு கிழமை ஆகல."

"மெதுவாப் பேசு. ஹால்ல ஆளுங்க இருக்காங்க."

"ஐயருக்குத் தெரியுமா?"

"யாருக்குமே தெரியாது. நாவுலயில இருக்கிற பொன்னையா வீட்டாளுங்களும் இங்க வந்து சொல்ல மாட்டாங்க. நீயும் படம் போடல. நல்ல காரியம் செஞ்ச."

கண்ணு படும் என்று சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூரித்துப் போன தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"சசி பொறந்த வருஷம் உங்கப்பா உபயத்தை அடுத்த வீட்டுக்கு விட்டுக் குடுக்கலையா? கோயில் மதில் பக்கம்கூட வரலையே அந்த மனுஷன்."

"சசி இந்த வீட்டுப் பிள்ளை."

"அப்ப இது?"

ராமநாதன் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"பங்காளி வீட்டுல பொறந்தாத்தான் தீட்டு. பொன்னையா பேத்திக்கு நான் தீட்டுக் காக்கணுமா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மிளகில் ஈரம் இருக்கிறது, வேண்டாம் என்று கடையில் சொல்கிற அதே குரல்.

சிவரூபினி கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்ப என்னை எதுக்கு அனுப்புனீங்க?"

"நீ இங்க இருந்தா சும்மா இருப்பியா? பிள்ளை பொறந்த அன்னைக்கே தெரு முழுக்கக் கற்கண்டு குடுத்திருப்ப. ஊரு தீட்டுன்னு சொல்லியிருக்கும். நானும் ஆமான்னு ஒத்துக்கிட்டிருக்கணும். ஒத்துக்கிட்டா அது என் பேத்தின்னு ஆயிடும். வெளங்குதா?"

விளங்கியது. தீட்டுக் காப்பது என்றால் சொந்தம் என்று ஒப்புக்கொள்வது. காக்காமல் விட்டால் அந்தப் பிள்ளை யாரோ எவரோ. ஒரு வார்த்தை திட்டாமல், ஒரு சண்டை போடாமல், பிறந்த பச்சைப் பிள்ளையை இவர் குடும்பத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டார். அதற்குப் பெண்டாட்டியையே கருவியாக்கிக்கொண்டார். இப்போது அவளைக் கூப்பிட்டதும் பாசத்தில் இல்லை. சங்கல்பத்துக்குத் தம்பதியாக நிற்க வேண்டுமே, அதற்கு.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட ஒரு பேரு கேட்டுச்சுங்க," என்றாள்.

"அவங்களே வச்சிக்கட்டும்."

"ஒரு பேருங்க. ஒத்தப் பேரு."

"அஞ்சு மணி," என்று சொல்லிவிட்டு ராமநாதன் கதவைத் திறந்துகொண்டு போய், ஹாலில் யாருக்கோ சிரித்து வணக்கம் சொன்னார்.

*

சிவரூபினி போனாள். ஏன் போனாள் என்று வாசகர்கள் என்னிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது. கடைசி நேரத்தில் அந்த மனுஷனுக்கு மனசு உறுத்தும் என்று நம்பினாள். முப்பது வருஷப் பழக்கம் சும்மா இல்லை, அதைக் கழற்றிப் போட ஒரு பகல் போதாது.

ஆனால் சிவப்புப் பட்டைக் கட்டவில்லை. விமானத்தில் வந்த சேலையை அவிழ்த்துக் குளித்து, ஒரு சாதாரணச் சேலைதான் கட்டினாள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கால் கூசியது. உள்ளே போகாமல் வெளி மண்டபத்துப் படியிலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள வா," என்று ராமநாதன் பல்லைக் கடித்தார்.

"இங்கயே நிக்கிறேன்."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ராமநாதன் படிக்கு அருகே வந்து அவள் பக்கத்தில் நின்றார். மேளம் நின்றது. ஐயர் தட்டோடு அங்கேயே வந்தார். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ராமநாதனின் விரலில் தர்ப்பையைப் போட்டார். சசிக்குமார் பூத்தட்டோடு பின்னால் நின்றான்.

"குடும்பத்துப் பேரும் நட்சத்திரமும் சொல்லுங்க முதலாளி."

"ராமநாதன், உத்திரம். சிவரூபினி, ரோகிணி. சசிக்குமார், பூசம். அவ்வளவுதான்."

ஐயர் வயசானவர். தயாபரனுக்குக் காது குத்தியபோது மந்திரம் சொன்னவர். ஒரு பழக்கத்தில் கேட்டுவிட்டார். "மூத்தவரு? தயாபரன், அனுஷந்தானே?"

"தேவையில்ல."

அந்த ஒரு சொல்லில் சிவரூபினியின் நம்பிக்கை முடிந்துபோனது. பேத்திதான் வேண்டாம் என்று நினைத்தாள். மகனையுமே வெட்டிவிட்டார்.

"சொல்லுங்க ஐயர்," என்றாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "தயாபரன், அனுஷம். அவன் சம்சாரம் சர்மிளா, சுவாதி. அவங்க பொண்ணு, மகம். பேரு இன்னும் வைக்கல. முப்பத்தொண்ணு கழியல."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. ஐயர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்ப… பிறப்புத் தீட்டு இருக்கே முதலாளி?"

"அவளுக்குப் பிரயாணக் களைப்பு. உளர்றா. நீங்க நடத்துங்க."

"நான் உளறல. இந்தக் கையாலதான் அந்தப் பிள்ளையை வாங்குனேன்." சிவரூபினி புருஷன் பக்கம் திரும்பினாள். "அது உங்க மகன் பிள்ளையா இல்லையா? அம்மன் முன்னால சொல்லுங்க. இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா பூசை நடக்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தாள். கடையில் எடையில் ஏமாற்றுகிறவர் இல்லை. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவர். அம்மன் கண்ணுக்கு நேராக நின்று பொய் சொல்லுகிற தைரியம் அவருக்கு வராது.

ராமநாதன் ஊரைப் பார்த்தார். கர்ப்பக்கிரகத்தைப் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அடுத்த வருஷம் இந்தக் கோயிலில் பிழைக்க வேண்டும்.

சிவரூபினி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை, அழுகை எங்கேயோ போய்விட்டிருந்தது. "சரிங்க. நல்லா நடத்துங்க. ஆனா ஒரே குடும்பம்னா தீட்டும் ஒண்ணுதான். எனக்கு இருக்கு. உங்களுக்கு இல்ல. அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே குடும்பம் இல்ல."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவள் மேல் பட்டுவிடக் கூடாதே என்று இரண்டொருவர் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"அம்மா!" என்று சசிக்குமார் பின்னால் ஓடிவந்தான். கோயில் வாசலில் அவளைப் பிடித்தான். கையில் இன்னும் அந்தப் பூத்தட்டு. கண் கலங்கியிருந்தது. "எங்கம்மா போறீங்க? வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"எந்த வீட்டுக்கு?"

சசி பூத்தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து ராமநாதனின் குரல் வந்தது. "சசி! தட்டைக் கொண்டா."

சசிக்குமார் உள்ளே பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். இருபத்தேழு வயசுப் பிள்ளை, ஏழு வயசில் தொலைந்துபோன மாதிரி நின்றான்.

"கூப்பிடுறாரு பாரு," என்றாள் சிவரூபினி. அவன் கன்னத்தை ஒரு தரம் தொட்டாள். "நான் ஒன்னைய வான்னும் சொல்ல மாட்டேன், போன்னும் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு நீ சித்தப்பனா இல்லையான்னு நீயே முடிவு பண்ணிக்க."

ரோட்டில் நாவுல வழியாகத் தம்புள்ளைப் பக்கம் போகிற பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் கையைக் காட்டினாள். பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. உள்ளே மேளம் மறுபடி தொடங்கியது மட்டும் காதில் விழுந்தது.